உன் கை பட்ட வண்டி

ஜனவரி 7

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இல்லாவிட்டால் எனக்கு முன்னால் உன் அக்கா எழுதியிருப்பாள். அவளும் சுகம். என் சுகத்தை மட்டும் மிஷினிடம் ஒப்படைத்திருக்கிறோம். திங்களும் வியாழனும் நாலு மணி நேரம் அதன் பக்கத்தில் படுத்தால், சிறுநீரகம் கைவிட்ட வேலையை அது செய்து, ரத்தத்தைச் சுத்தமாக்கித் திருப்பித் தருகிறது. இருபது வருஷம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவன் நான். இப்போது படுக்குமுன் ஒரு தரம், எழுந்தபின் ஒரு தரம் என்னை எடை போடுகிறார்கள். செய்த பாவம் சும்மா விடுமா?

ஆஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாற வேண்டும். இரண்டு மாதம் முன்பு திரும்பும்போது ஒரு நிறுத்தத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். அன்றைக்கே உன் அக்கா "கார் வாங்கணும், நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டு, ஸ்டீயரிங்கை என் கழுத்து என்று நினைத்துப் பிடிக்கிறாள்.

வாங்கிய இடத்தைக் கேட்டால் சந்தோஷப்படுவாய். நீ வேலை பார்த்த பழைய பட்டறைதான். நீ ஃபோர்மேனாகி மலைக் குவாரிக்குப் போன மறு வாரம் போனேன். வெளிர்பச்சை வண்டி ஒன்று நின்றது. உன் முதலாளியிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "இந்த வண்டியில என் மச்சான் கை பட்டிருக்கா?" "அவன் கடைசியா கை வெச்ச வண்டியே இதுதாங்க" என்றார். அதற்குமேல் பானெட்டைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை.

இப்போது ஒரு சங்கடம். வண்டி ஆயில் குடிக்கிறது. மூன்று வாரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றிவிட்டேன். டாக்டர் எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளந்து கொடுத்திருக்கிறார். நான் நாக்கு வறண்டு நிற்க, இவனுக்கு மட்டும் மடக் மடக்கென்று ஊற்ற வேண்டியிருக்கிறது. மொடாக்குடியன் என்று பேர் வைத்துவிட்டேன். இவன் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்பதால்தான் கேட்கிறேன். என்னவென்று பார்த்து எழுது.

உன் அக்காவின் அன்பும் இதில் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அத்தான்


ஜனவரி 30

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே தபால் லாரி பத்து நாளைக்கு ஒரு முறைதான் இறங்கும். போன் பேச வேண்டுமென்றாலும் அடிவாரத்துக்குப் போக வேண்டும்.

பயப்படாதீர்கள். பழைய வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். முதலில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். காலையில் இன்ஜின் சூடாகும் முன், சமதரையில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதான் டிப்ஸ்டிக்கை, உருவித் துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலையும் எழுதுங்கள். வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். கறை விழுந்தால் ஒழுகல். விழாவிட்டால் உள்ளே எரிகிறது. நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து நின்றுவிட்டால் தேய்ந்தது வால்வு சீல். மேட்டில் மிதிக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங்.

இன்னொன்று. வலது பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு பெயின்ட் உரிந்திருக்கிறதா?

அக்காவை நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் உடம்பு எப்படி என்று விவரமாக எழுதுங்கள்.

மச்சான்


பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

எடைமேடைக்காரனிடம் நோட்டுப் போடச் சொன்னாயே, பாம்புக்கு நெளியக் கற்றுக்கொடுத்த கதைதான். ஒரே நோட்டில் இடது பக்கம் என் எடை, நான் குடித்த தண்ணீர். வலது பக்கம் மொடாக்குடியனின் கிலோமீட்டர், அவன் குடித்த ஆயில். உன் அக்கா பார்த்துவிட்டு, "ரெண்டு பேருல யாரு மோசம்?" என்றாள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். அவன்தான் மோசம்.

மூன்று நாள் விரித்த அட்டையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. காலையில் புகை இல்லை. ஆஸ்பத்திரிக்கு முன்னால் வரும் மேம்பாலத்தில் மிதிக்கும்போது பின்னால் நீலமாய் வருகிறது. போன வியாழன் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார்.

இங்கே பெட்ரோல் பங்கை ஒட்டி ஒரு மெக்கானிக் இருக்கிறார். பேசுவதற்குள் மூன்று கொட்டாவி விடுவார், அதனால் ஊரே கொட்டாவி மேஸ்திரி என்கிறது. அவர் டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வெறும் ஆயில் இல்லீங்க. புகையை அமுக்க என்னமோ கெட்டியா கலந்திருக்காங்க. விக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற சமாசாரம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "இது என் மச்சான் வேலை பார்த்த பட்டறை வண்டி. அவன் கை பட்ட வண்டி. நாக்கை அடக்கிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மனுஷன் பதிலுக்கு ஒரு கொட்டாவிதான் விட்டார்.

பெயின்ட் நீ சொன்ன இடத்தில் அப்படியே உரிந்திருக்கிறது. இங்கிருந்தே கதவு தெரிகிறதா உனக்கு? கெட்டிக்காரன்தான்.

எனக்குக் காலில் கொஞ்சம் வீக்கம். மற்றபடி வழக்கம்போல. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். கடிதத்தைப் பார்த்தேன். கால் வீக்கத்தை டாக்டரிடம் சொன்னீர்களா?

ஒழுகல் இல்லை, மேட்டில் புகை என்றால் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியே போக ஒரு சின்ன வால்வு இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ஆவி ஆயிலையும் இழுத்துக்கொண்டு போய் எரிய வைத்துவிடும். புது வால்வு ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாற்றுவது பத்து நிமிட வேலை.

எப்போதும் கொட்டாவி விடுகிற ஆள் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வேலை இல்லாதவர்தான் அதிகம் கொட்டாவி விடுவார்.

டிப்ஸ்டிக் குறையக் குறைய ஊற்றி ஓட்டுங்கள். அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் இந்த மாதிரி வண்டிகள் வருஷக்கணக்கில் ஓடும். நானே பார்த்திருக்கிறேன்.

மச்சான்


மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி சின்னதாக இருந்தது. குவாரியில் வார்த்தைக்கும் ரேஷனா?

வால்வு மாற்றியாயிற்று. முதல் வாரம் குறைந்த மாதிரி இருந்தது. நோட்டைப் பார்த்தால் குறையவில்லை, என் ஆசைதான் குறைத்துக் காட்டியிருக்கிறது. வெட்கத்தை விட்டு மறுபடி கொட்டாவியிடம் போனேன். அவர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். மூன்றாவதில் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் அழுத்தம் ஏறியது. "ரிங்குதாங்க. ஆனா எனக்குக் கவலை அது இல்ல. உள்ள என்ன ஊத்தியிருக்காங்கன்னு தெரியல. ஆயில் நிக்கிற அடித்தொட்டியை இறக்கி, எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துடலாம். நாலு நாள் குடுங்க" என்றார்.

நாலு நாள்! திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் நாலு நாளை எங்கிருந்து கொண்டுவருவது? ஒரு முறை மிஷினைத் தவறவிட்டால் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், மூச்சில் ஏறிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். வாடகை வண்டிக்காரர்கள் நான் திரும்பும்போது வாந்தி எடுப்பதைப் பார்த்துவிட்டு இரண்டாம் தரம் வருவதில்லை. உன் அக்கா இறக்கச் சொல்கிறாள். "மேஸ்திரி பொய் சொல்ற ஆளா தெரியல" என்கிறாள். நான் சொல்லிவிட்டேன், என் மச்சான் வார்த்தை வரும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று.

இறக்கு என்றால் இறக்குகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். சீக்கிரம் எழுது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள், விரல்கள் இழுத்துப் பிடிக்கின்றன.

அத்தான்


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் எழுத்தைப் பார்த்தேன்.

தொட்டியை இறக்க வேண்டாம். உங்களால் நாலு நாள் தாங்க முடியாது. பதிலாக ஒன்று செய்யுங்கள். இன்ஜினை உள்ளே கழுவ ஃபிளஷிங் ஆயில் என்று விற்பார்கள். அதை இருக்கிற ஆயிலோடு ஊற்றி, வண்டியை நிறுத்தியபடியே பத்து நிமிடம் ஓட விட்டு, சூட்டோடு எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். பிறகு புது ஆயில். உள்ளே எது இருந்தாலும் கரைந்து வந்துவிடும். வண்டி பழையபடி ஆகிவிடும்.

அத்தான், உங்களிடம் சொல்ல வேண்டிய

அக்காவையும் உங்களையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மச்சான்


ஏப்ரல் 13

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம், சுகம், இன்றைக்கு உண்மையிலேயே சுகம். முந்தாநாள் நீ சொன்னபடி செய்தோம். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வடித்தபோது தார் மாதிரி வந்தது. உன் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு நாள் இதையா குடிச்சான்?" என்றாள். புது ஆயில் ஊற்றியபின் டிப்ஸ்டிக் தேன் நிறத்தில் மின்னுகிறது. இரண்டு நாளாய் ஒரு கோடு இறங்கவில்லை. எங்கிருந்தோ நாடி பார்த்து வைத்தியம் சொல்லிவிட்டாயே. கொட்டாவியிடம் காட்டிப் பெருமையடிக்கத்தான் போனேன்.

அவர் முகம் மாறிவிட்டது. காரணம், ஆயில் பொம்மை போட்ட சிவப்பு விளக்கு ஒன்று முன்னால் இருக்கிறதல்லவா? நிற்கும்போது அது மினுக் மினுக்கென்று எரிகிறது. உன் அக்கா, "நம்மளப் பார்த்துக் கண்ணடிக்குது" என்று சிரித்தாள். கொட்டாவி சிரிக்கவில்லை. கொட்டாவியும் விடவில்லை. "யாரைக் கேட்டு ஃபிளஷ் பண்ணீங்க? இனிமே ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க" என்று கத்தினார். நான் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினேன். ஆயில் நிறைந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பது பொய்யா, மினுக்குகிற விளக்கு பொய்யா? விளக்குதான் பொய் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

உன் கடிதத்தில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே நாலு வரியைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்து வைத்திருக்கிறாய். என்ன, பெண் பார்த்துவிட்டாயா? அத்தானிடம் என்ன வெட்கம்? அடுத்த தபாலில் அடிக்காமல் எழுது.

அத்தான்


ஏப்ரல் 24, வியாழன், அடிவாரத் தபால் ஆபீஸிலிருந்து

அத்தான்,

வண்டியை எடுக்காதீர்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. ஆயில் தொட்டியில் இருக்கிறது, ஆனால் மேலே ஏறவில்லை. அதை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். கரைந்த கசடு அதில் போய் அடைத்திருக்கிறது. டிப்ஸ்டிக் நிறைந்திருக்கும்போதே இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கடிதம் இன்று காலை லாரியில் வந்தது. அதே லாரியில் இறங்கி வந்து போன் செய்தேன். நாலு முறை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அப்புறம்தான் இன்று வியாழன் என்று உறைத்தது.

கொட்டாவி மேஸ்திரி சொன்னது உண்மை. நவம்பரில் முதலாளி, "இந்தப் பச்சை வண்டி புகையுது, ஏதாவது பண்ணு, பண்ணிட்டு ஃபோர்மேன் வேலைக்குக் கிளம்பு" என்றார். கெட்டி மருந்து இரண்டு டப்பா நான்தான் ஊற்றினேன். பழைய கசட்டை வடிக்காமல் அதன் மேலேயே ஊற்றினேன். யாரோ வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெயின்ட் உரிந்தது என் ஸ்பானர் பட்டு. உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைப் பற்றிக் கேட்டது, வேறு வண்டியாக இருந்துவிடாதா என்ற நப்பாசையில். என் கை பட்டதா என்று கேட்டு வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்? சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று வால்வு, ஃபிளஷ் என்று சுற்றிச் சுற்றி வந்தேன். தொட்டியை இறக்கினால் கசட்டைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் இறக்க வேண்டாம் என்றேன். உங்களால் நாலு நாள் தாங்க முடியாது என்று எழுதியது வெறும் சாக்கு.

இதை மேஸ்திரியிடம் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

மச்சான்


மே 15

அன்புள்ள அத்தானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இரண்டு லாரி வந்துவிட்டது, உங்கள் எழுத்து இல்லை. மறுபடி இரண்டு முறை இறங்கி வந்து போன் செய்தேன். இரண்டு முறையும் அக்கா எடுத்தாள். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். கோபம் என்றால் நியாயம்தான்.

வருவதற்குப் பையைக் கட்டினேன், அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். வாசலில் நீங்கள் நின்று, "வாடா மச்சான்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பயம். நான் கோழை, அத்தான்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மச்சான்


ஜூன் 8

தம்பி,

நலமா என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். முப்பத்தோராவது கிலோமீட்டரில் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. மரம் இல்லை, கடை இல்லை. அவருக்கு அன்றைக்கு நாலு கிலோ தண்ணீர் உடம்பில் ஏறியிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சிமென்ட் லாரி ஏற்றிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது அவருடைய மிஷினில் வேறொருவர் படுத்திருந்தார். சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அவருக்கு வெள்ளிக்கிழமை மாலையிலேயே மூச்சு நின்றுவிட்டது.

யாரைக் கேட்டு ஃபிளஷ் செய்தீர்கள் என்று மேஸ்திரி கத்தியது என் காதிலேயே இருந்தது, அதனால் உனக்குச் சொல்லி அனுப்பக் கூடாது என்று நான்தான் சொன்னேன். உன் கடிதம் திங்கள் வந்தது. போன் நாலு முறை அடித்தது என்று பக்கத்து வீட்டம்மா சொன்னபோது யாரென்று தெரியவில்லை. அதைப் படித்தபின் தெரிந்தது.

மேஸ்திரி வண்டியை இழுத்து வந்து தொட்டியை இறக்கினார். நீ சொன்ன சல்லடையைக் கொண்டுவந்து காட்டினார். ஓட்டையே தெரியவில்லை, தார் பூசியது போல இருந்தது. உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "நாலு நாள்னு கேட்டது, உள்ள என்ன இருக்குன்னு தெரியாததாலம்மா. இதை ஊத்துனோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள் வேலை. செவ்வாய்க்கிழமை காலைல விட்டிருந்தா மத்தியானம் எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார். இதை உனக்கு எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் கழித்து உட்கார்ந்தேன். அரை நாள். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அத்தான் அந்தக் கடிதத்தைப் படிக்காமலே போய்விட்டார். உன்மேல் வைத்த நம்பிக்கையில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் போனார். அது எனக்கு ஆறுதலா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உனக்கு ஆறுதலாக இருக்கக் கூடாது.

வண்டி நின்றதும் நான் அழுதேன். அவர் மெல்ல இறங்கி, ஒரு கையால் பானெட்டைத் தாங்கிக்கொண்டு டிப்ஸ்டிக்கை உருவினார். வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். "பாரு, நிறைஞ்சிருக்கு. அவன் சொன்ன மாதிரிதான் எல்லாம் இருக்கு. பயப்படாதே" என்றார். மூச்சு வாங்கியது. பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார். லாரி வரும்வரை அதை மூடவில்லை.

அந்த நோட்டை நேற்றுதான் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் இடது பக்கம் அவருடைய எடை. வலது பக்கம் கிலோமீட்டர். அதன் கீழே, "ஆயில் குறையவில்லை. மச்சானுக்கு எழுத வேண்டும்" என்று இருக்கிறது.

எழுதிவிட்டேன்.

அக்கா